வலப்பக்கம் நின்றவர்

புது டிரைவர் வாங்குகிறவர்கள் முதல் ஒரு மாதமாவது யார் கண்ணிலும் படாமல் தனியாக அடித்துப் பழகுவது நல்லது. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

நான் இப்படிச் சொன்னதும் உங்கள் ஏட்டு, அந்த டிரைவர் எந்த ஊர், அவனையும் வரச்சொல்லலாமா என்று கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், மேடம். நான் சொல்லும் டிரைவர் கார் ஓட்டுவதில்லை. கோல்ஃபில் முதல் அடிக்கு எடுக்கிற நீண்ட மட்டை அது. தலை ஒரு பெரிய மாங்காய் அளவு இருக்கும். அதைக் கொண்டு அடித்தால் பந்து நேரே போக வேண்டும். அப்படிப் போகாமல், நூல் அறுந்த பட்டம் போலப் பாதி வழியில் வலப்பக்கம் சாய்ந்து போனால் அதற்கு ஸ்லைஸ் என்று பெயர். நடந்தது முழுக்க அந்த ஒரு குறையைச் சரிசெய்ய நான் எடுத்த முயற்சிதான். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் எளிதாக இருக்கும். தண்ணீர் வேண்டாம், என் பையில் பாட்டில் இருக்கிறது. அந்த டம்ளரின் விளிம்பைப் பார்த்தேன்.

என் பெயர் ரகுபதி. கார் இருக்கைகளுக்கான இரும்புச் சட்டங்களைச் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பு என்னுடையது. ஒரகடத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். எங்கள் எம்.டி. கொரியாக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கோல்ஃப் ஆடுவார். எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனிகளின் பெரிய தலைகளும் கூட ஆடுவார்கள். அடுத்த கார் மாடலுக்கான ஆர்டர் யாருக்கு, எந்த உற்பத்தி லைன் மூடப்படும், யார் மேலே போவார்கள் என்பதெல்லாம் அந்தப் புல்லின் மேல் நடந்துகொண்டே பேசப்படும். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் ஆடத் தெரியாமல் கிளப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்படியே ஓய்வும் பெற்றார். நான் கற்றுக்கொண்டேன்.

பழைய மட்டையில் பந்து நேராகப் போகும், தூரம் போகாது. அதனால்தான் புதிது வாங்கினேன். முதல் ஞாயிறு எல்லோர் முன்னாலும் அடித்தேன். பந்து நன்றாக எழும்பி, மறந்துவைத்த எதையோ எடுக்கப் போவதுபோல வலப்பக்கம் திரும்பி, ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்த குட்டையில் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. வாடிக்கையாளர்களில் ஒருவர் சிரித்தார். எம்.டி. என் முதுகில் தட்டினார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் கையை எடுத்துத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். தன்னை அறியாமல் செய்ததுதான். ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

படப்பைப் பக்கம் வலை கட்டி கோல்ஃப் சொல்லித்தரும் ஜீவானந்தம் என்பவரிடம் போனேன். பொறுமையான மனிதர். நான் அடிப்பதை செல்போனில் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். புது மட்டை பழையதைவிட நீளம், எடையும் குறைவு. அதனால் என் கை அதை வெளியிலிருந்து உள்ளே இழுக்கிறது, பந்தில் படும் நொடியில் மட்டையின் முகம் திறந்து நிற்கிறது, பந்து சுழன்றுகொண்டே வலப்பக்கம் ஒதுங்குகிறது என்றார். என் இடது கைப்பிடியை உள்பக்கம் திருப்பிவிட்டார். பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைக்கச் சொன்னார். பந்தைத் தாங்கும் குச்சியை உயர்த்தினார். வலது காலை ஒரு சாண் பின்னால் இழுத்தார். மட்டையின் கழுத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி அதன் கோணத்தைக்கூட மாற்றிப் பார்த்தார். எல்லாமே சில நாள் பலன் தந்தன. பிறகு உடம்பு பழைய வழிக்கே போய்விட்டது.

கடைசியாக அவர் மட்டையின் துணி உறையைப் பந்துக்குச் சற்று வெளியே தரையில் வைத்தார். தவறாக வீசினால் மட்டை அதில் படும்.

"கண்ணுக்கு ஒரு தடை தெரிஞ்சா உடம்பு தானா வழிய மாத்திக்கும் சார். நான் சொல்லித் தர்றதவிட பயம் சொல்லித் தர்றது சீக்கிரம் ஏறும்" என்றார்.

சரியான பேச்சு. ஆனால் துணி உறையிடம் எனக்கு என்ன பயம்? அதைத் திரும்பத் திரும்ப அடித்துப் பறக்கவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், யோசனையின் ஆரம்பம் அவருடையது. அவரையும் விசாரியுங்கள் என்று சொல்லவில்லை. தெரிந்திருக்கட்டும்.

எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால், இரண்டாவது ஆலை வரும் என்று வாங்கிப்போட்ட நிலம் சும்மா கிடக்கிறது. சீமைக்கருவேலத்தை வெட்டிச் சமப்படுத்தி அங்கே பழக ஆரம்பித்தேன். ஷிஃப்ட் பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போன பிறகு, காலை மீட்டிங்குக்கு முன்னால், ஒரு கூடைப் பந்து. பொறுக்கித் தர ஓர் ஆள் கேட்டேன். எங்கள் எச்.ஆர். மேனேஜர் ஸ்ரீதர், கான்ட்ராக்டில் தோட்டவேலை செய்துகொண்டிருந்த முனிரத்தினத்தை அனுப்பினார்.

நாற்பதைத் தாண்டியவர், பக்கத்து ஊர்க்காரர். மனைவி கங்கா எங்கள் கேன்டீனில் தட்டு கழுவுகிறவர். முனிரத்தினத்துக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. பந்துகளைக் கொண்டுவந்து கொட்டும்போதெல்லாம் ஒரு கதை சொல்வார். இது முள்ளில் மாட்டியது, இதை நாய் கவ்விக்கொண்டு ஓடியது, துரத்திப் பிடுங்கினேன் என்பார். லைனில் இருக்கும் பையன்கள் தன்னை இப்போதெல்லாம் கோல்ஃப் என்றே கூப்பிடுவதாகப் பெருமைப்பட்டார். கடைவாயில் எந்நேரமும் புகையிலை. பேசும்போது உதட்டோரம் பழுப்பாக ஒரு கோடு இறங்கும். அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு அந்தக் கையாலேயே என் பந்துகளை எடுப்பார்.

நான் சாதி பார்க்கிறவன் இல்லை, மேடம். எங்கள் கேன்டீனில் ஆபீசருக்கும் தொழிலாளிக்கும் ஒரே தட்டு. அப்படி மாற்றியது நான்தான். நான் அங்கே சாப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம். எனக்கு வாடை ஒத்துக்கொள்ளாது. அது உடம்பு சம்பந்தப்பட்டது.

ஒருநாள் நான் மட்டையைப் பின்னால் கொண்டுபோன நேரத்தில் அவர் வலப்பக்கம் வேலியோரமாகக் குனிந்து பந்து எடுத்துக்கொண்டிருந்தார். என் பந்துகள் வழக்கமாகப் போய் விழும் இடம் அது. மட்டை கீழே வரத் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. ஆனால் உடம்பு ஏதோ செய்தது. தோள் திறக்கவில்லை. முழங்கை விலாவை விட்டு அகலவில்லை. பந்து நூல் பிடித்ததுபோல நேராகப் போனது. புது மட்டை வந்ததிலிருந்து அப்படி ஓர் அடி நான் அடித்ததில்லை. அதன் சத்தமே வேறு. முனிரத்தினம் நிமிர்ந்து பார்த்து, "சூப்பர் சார்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அங்கேயே நிற்கச் சொல்லி அடுத்ததை அடித்தேன். நேராகப் போனது. நகரச் சொன்னேன், வளைந்தது. திரும்ப வரச்சொன்னேன், நேரானது. தொழிற்சாலையில் ஒரு குறை வந்தால் காரணத்தை இப்படித்தான் பிடிப்போம், ஒன்றைப் போட்டும் எடுத்தும் பார்த்து.

மனிதரை நிறுத்திவைத்துப் பழகுவது முறையில்லை என்று எனக்கே தோன்றியது. அதனால் மற்ற வழிகளை எல்லாம் முயன்றேன். காலி ஆயில் டிரம் ஒன்றை அங்கே நிறுத்தினேன். பந்து அதில் மோதி மணி அடித்ததுபோல் ஒலித்தது. டிரம்முக்கு யூனிஃபார்ம் சட்டை மாட்டிப் பார்த்தேன். அப்போதும் பந்து அதைத்தான் தேடிப் போனது. உடம்பை ஏமாற்ற முடியாது. டிரம்முக்கு வலிக்காது என்று அதற்குத் தெரியும்.

ஆகவே முனிரத்தினம் நின்றார்.

"நா இன்னா சார் பண்ணணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நில்லு."

"சும்மா நிக்கிறது ஒரு டூட்டியா சார்? எங்கூட்டுல சொன்னா நம்ப மாட்டா."

ஆரம்பத்தில் அவருக்கு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்திருந்தேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் கறாரானவன். ஹெல்மெட் இல்லாமல், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்த எம்.டி.யையே ஒருமுறை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் சில நாளில் பந்து மறுபடி லேசாக வளைய ஆரம்பித்தது. யோசித்துப் பார்த்தேன். பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னேன். பந்து நேரானது.

அதற்குப் பிறகு அவர் என் மட்டையையே பார்த்துக்கொண்டு, வந்தால் குனிந்துவிடலாம் என்று முழங்காலை மடக்கித் தயாராக நின்றார். அவர் தப்பித்துக்கொள்வார் என்ற எண்ணம் எனக்குத் தைரியம் தந்தது. தைரியம் வந்தால் வளைவும் வந்துவிடுகிறது. முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். அன்று மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"திரும்பிகினு நின்னா பந்து வர்றது தெரியாதே சார்."

"வராது. நீ நிக்கிறதுனாலதான் அது வராது" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களின் கேட் பாஸைப் புதுப்பிக்கும் நேரம் அது. தோட்டத்துக்கு இத்தனை பேர் தேவையா என்று ஸ்ரீதரிடம் பொதுவாகக் கேட்டேன். அதை அவர் யாரிடம் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் நான் போவதற்கு முன்பே முனிரத்தினம் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

பின்பக்க கேட்டில் இசக்கிபாண்டி என்று ஒரு செக்யூரிட்டி, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவர் ஒருநாள் வந்து, "ஐயா, அங்க ஆளு நிக்கான்லா, பாத்து அடிங்க" என்றார். தெரியும் என்றேன். அவர் போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தலையில் அப்பியிருந்த எண்ணெய் வெயிலில் உருகி நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. அவரை முன் கேட்டுக்கு மாற்றச் சொன்னேன். அந்த எண்ணெய் நாற்றத்துக்காகத்தான், வேறு எதற்கும் இல்லை.

போகப்போக முனிரத்தினத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தேன். கடைசியில் அவர் சட்டை முதுகில் அச்சடித்திருந்த கான்ட்ராக்டர் பெயரை நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும், மேடம். அத்தனை நாளில் ஒரு பந்துகூட அவர்மேல் படவில்லை. என் உடம்பு அவரைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. ஒரு தொழிலாளியின் உயிர்மேல் இவ்வளவு அக்கறை உள்ள அதிகாரியை இந்த வட்டாரத்தில் நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த அக்கறை எப்படிக் கெட்டது என்று சொல்கிறேன். ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். அவர் கூடைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பந்தின் மேல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அதில் ஒட்டியிருந்த மண்ணில் எச்சிலைத் துப்பி, கட்டைவிரலால் தேய்த்து, பனியனில் துடைத்து, அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பளபளவென்று இருந்தது. இத்தனை நாள் அந்தப் பந்துகளை நான் விரலால் எடுத்து வைத்திருக்கிறேன். அடித்து முடித்து அதே விரல்களால் பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறேன். முள்செடிப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அவர் ஓடிவந்து என் முதுகை நீவிவிட்டார். அந்தக் கையாலேயே.

அன்றோடு ஸ்லைஸ் திரும்ப வந்துவிட்டது. காரணம் எளிது. அவர்மேல் படக்கூடாது என்ற எண்ணம் எனக்குள் இல்லாமல் போயிருந்தது. வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. பந்து அவர் தோளை ஒட்டியும் இடுப்பை ஒட்டியும் போயிற்று. காதில் காற்று பட்டிருக்கும். அவர் திரும்பவே இல்லை. எம்.டி. நடத்தும் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கங்காவை வரச்சொன்னேன்.

சுத்தமான பெண். எந்நேரமும் சோப்புத் தண்ணீரில் இருப்பதால் கைகள் ஊறி வெளுத்திருக்கும். புருஷன் காலையில் பின்பக்கம் போய் என்ன செய்கிறார் என்று அவருக்கு அதுவரை தெரியாது போலிருக்கிறது. என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். புல் தேய்ந்து, இரண்டு பாதங்கள் அளவுக்கு மண் தெரிந்த இடத்தைப் பார்த்தார்.

"ஏன் சார், இங்க ஒரு டிரம்ம வச்சா ஆவாதா?"

"வச்சுப் பாத்தாச்சும்மா. சரிவரல."

"அப்ப நாங்க டிரம்முக்கு மேல. அப்டிதானே சார்?"

ஆமாம் என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அவர் ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொண்டார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அவர் நின்ற நாட்களில் பந்து அம்பு போலப் போனது. முதுகைக் காட்ட மட்டும் சம்மதிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவும் பலன் தந்தது. ஒரு வாரம் ஆகியிருக்கும், முனிரத்தினம் என் கார் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், அதுக்கு தல சுத்துது. சோறு எறங்க மாட்டேங்குது. இனிமே நானே நிக்கிறேன் சார். எதுனா தப்பு பண்ணியிருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

பந்தைத் தண்ணீரில் கழுவு என்றேன். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாள் முதல் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வந்தன. காலையில் புகையிலை போடுவதையும் விட்டுவிட்டேன் என்று வாயைத் திறந்து காட்டினார். நான் வேறுபக்கம் பார்த்தேன். மனிதர் தன்னால் முடிந்ததைச் செய்தார், அதை நான் மறுக்கமாட்டேன். எனக்கும் கொஞ்சம் மனம் இளகியது. பந்து நேரானது.

போட்டியன்று வலப்பக்கம் யாரும் இல்லை. முதல் அடிக்கு முன்னால் கண்ணை மூடி, அங்கே முனிரத்தினத்தின் முதுகை நிறுத்திப் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது. அன்று முழுக்க ஒரு பந்துகூட வளையவில்லை. பாதி ஆட்டத்துக்கு மேல் அந்த முதுகுகூடத் தேவைப்படவில்லை. நீள அடிக்கான கோப்பை எனக்குத்தான் கிடைத்தது. குட்டையைப் பார்த்துச் சிரித்த வாடிக்கையாளர் எழுந்து கைதட்டினார். எம்.டி. என்னைத் தன் மேசையில் உட்காரவைத்து, தனக்கும் இதே தொல்லைதான், எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்டார். உழைப்பு என்றேன். நீ பழகும் இடத்தை நான் பார்க்க வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை வந்தார், ஸ்ரீதரைக் கூட்டிக்கொண்டு. முனிரத்தினத்தை அன்று வரவேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த மறதிக்கு நான் பொறுப்பு. எம்.டி. மட்டையைக் கையில் எடுத்ததும், யாரும் சொல்லாமலே முனிரத்தினம் நடந்துபோய்த் தன் இடத்தில் முதுகைக் காட்டி நின்றார்.

எம்.டி. மட்டையைத் தாழ்த்தினார். அந்த ஆள் ஏன் அங்கே நிற்கிறார் என்று ஸ்ரீதரிடம் கேட்டார். ஸ்ரீதர் கூப்பிட்டதும் முனிரத்தினம் ஓடிவந்தார். வந்திருப்பவர் எல்லோருக்கும் பெரியவர் என்று அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அக்கறையாக விளக்கினார்.

"நா நின்னாதான் சார் பந்து நேரா போவும். நம்ம சாருக்கு நாந்தான் சரி பண்ணிவுட்டேன். ஹெல்மெட்டு போடக்கூடாது, திரும்பிகினு நிக்கணும். மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு, இப்ப பழகிடிச்சு. நடுவுல கொஞ்ச நாளு எங்கூட்டுக்காரிய நிக்க வச்சாரு."

ஸ்ரீதர் மொழிபெயர்க்கத் தயங்கினார். எம்.டி. விடவில்லை. சொல்லச் சொல்லி ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டுக்கொண்டார். வேடிக்கை என்று நினைத்து முதலில் சிரித்தார். ஹெல்மெட்டுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. கங்காவுக்கு வந்தபோது மட்டையை என் கையில் தராமல் புல்லில் போட்டார். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. எச்சிலைத் தேய்த்துக்கொண்டிருந்த கட்டைவிரலை நான் அப்படித்தான் பார்த்தேன். அந்தப் பார்வையை என்மேல் ஒருவர் வைப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

"பெரிய சாரு ஆடாமலே போய்ட்டாரே" என்றார் முனிரத்தினம், வருத்தமாக.

எனக்கு எம்.டி. போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. 'நாந்தான் சரி பண்ணிவுட்டேன்' என்ற பேச்சுதான். தோளையும் மணிக்கட்டையும் முறித்து நான் கற்றுக்கொண்டதை, அந்த வாய் தன்னுடையது என்று சொல்லிவிட்டது. சொன்னபோது உதட்டோரம் பழுப்புக் கோடு இருந்தது. விட்டுவிட்டதாகச் சொன்னது பொய். வீட்டுக்குப் போய்க் குளித்தேன். மறுபடியும் குளித்தேன். வாடை போகவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போலப் போனேன். முனிரத்தினம் வாளியில் பந்துகளை அலசிக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து நா எதுனா தப்பா பேசிட்டனா? ஸ்ரீதர் சாரு மூஞ்சி குடுத்தே பேசல."

"அதெல்லாம் இல்ல. போய் நில்லு."

அவர் உடனே போகவில்லை. வாளிக்குப் பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. கங்கா வற்புறுத்திக் கொடுத்தனுப்பியதாம்.

"இன்னிக்கி ஒரு நாளு போட்டுக்கவா சார்? அது ரொம்ப சொல்லிச்சு."

வேண்டாம் என்றேன். அவர் அதைத் திரும்பத் தரையில் வைத்துவிட்டுப் போய் நின்றார்.

பந்தைத் தாங்கும் குச்சியை மண்ணில் ஆழமாகக் குத்தினேன், பந்து தரையோடு ஒட்டியிருக்கும்படி. தாழ்வாக வைத்த பந்து அதிகம் எழும்பாது, ஆள் உயரத்திலேயே போகும். பிறகு கால்களை மாற்றி வைத்தேன். மற்ற நாட்களில் எதிரே தெரியும் மின்கோபுரத்துக்கு நேராகத் தோளை வைப்பேன். அன்று வலப்பக்கம் திருப்பி, சட்டை முதுகில் இருந்த எழுத்துகளுக்கு நேராக, கொஞ்சம் மேலே பார்த்து வைத்தேன். கைப்பிடி, முழங்கை எல்லாம் ஜீவானந்தம் சொன்னபடி. அவசரப்படவில்லை. பந்தைத் தொடாமல் சும்மா வீசிப் பார்த்துக்கொண்டேன். மட்டை காற்றை வெட்டும் ஓசை கேட்டு, அடித்தாகிவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"நேரா போச்சா சார்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"இன்னும் அடிக்கல" என்றேன்.

பிறகு அடித்தேன்.

காதுக்குப் பின்னால் பட்டது. அவர் களைத்துப்போய் உட்காருகிறவரைப் போல மடங்கி விழுந்தார். அடித்து முடித்ததும் அசையாமல் நின்று பந்தைக் கடைசிவரை பார்க்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் ஒழுங்கு. நின்று பார்த்தேன். அதன் பிறகு ஸ்ரீதருக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கங்கா கேன்டீனிலிருந்து ஓடிவந்துவிட்டார், கையெல்லாம் சோப்பு நுரையோடு. புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயோரத்தை முந்தானையால் துடைத்தார். எனக்குக் குமட்டியது. அதனால்தான் கிட்டே போகவில்லை, மனம் இல்லாமல் இல்லை.

வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கங்காவிடம் போய் என் வருத்தத்தைச் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அது திரும்பிப் பாத்துச்சா சார்?"

இல்லை என்றேன்.

"அப்ப உங்கள நம்பித்தான் நின்னுகினு இருந்துச்சு" என்றார்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் மனைவியே சொன்ன சொல் அது. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

ஸ்ரீதர் விசுவாசமான மனிதர். அன்று மாலையே வக்கீலை வைத்து ஒரு விளக்கம் தயார் செய்துவிட்டார். புது மட்டை, இன்னும் பழகவில்லை, பந்து எதிர்பாராமல் வலப்பக்கம் திரும்பிவிட்டது, தொழிலாளி ஹெல்மெட் அணியாமல் தானாக அங்கே போயிருந்தார் என்று. அதன்படி இது விபத்து. நான் இங்கே வரவேண்டிய அவசியமே இல்லை. உங்கள் எஃப்.ஐ.ஆரிலும் 'பந்து திசைமாறி' என்றுதான் இருக்கிறது. அதை எம்.டி. படிப்பார். வாடிக்கையாளர்களும் கேள்விப்படுவார்கள். ரகுபதிக்கு ஸ்லைஸ் சரியாகவே இல்லை, அந்த ஆளை நம்பித்தான் கோப்பை வாங்கியிருக்கிறார் என்று அந்தப் புல்லின் மேல் நடந்துகொண்டே பேசுவார்கள்.

அதனால்தான் நானாக வந்தேன். அந்த வார்த்தையை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதுங்கள். பந்து திசைமாறவில்லை. நான் குறிவைத்த இடத்துக்கு, நான் நினைத்த உயரத்தில், நேராகப் போனது.

ஆத்திரத்தில் செய்தது என்று சேர்த்தால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்கிறார். அதைச் சேர்க்க வேண்டாம், மேடம். எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. கோபத்தில் அடித்திருந்தால் பந்து வளைந்திருக்கும்.